பில் போடுவது பாதி வேலைதான்

சிறு கான்ட்ராக்டர்களிடம் கணக்கு மென்பொருளை விற்க வருபவர்கள் முதலில் காட்டுவது பில்லின் அழகைத்தான்: லோகோ, க்யூஆர் குறியீடு, வாட்ஸ்அப்பில் உடனே அனுப்பும் வசதி. கடைக்காரருக்கு அது போதும். அவர் போடும் பில்லும் வாங்கும் பணமும் பெரும்பாலும் ஒரே தொகை. கட்டட வேலையோ வயரிங் வேலையோ ஒப்பந்தத்தில் எடுப்பவருக்கு அப்படி அமைவது அபூர்வம். அதனால் டேலி பிரைம், ஜோஹோ புக்ஸ், வியாபார் ஆகிய மூன்றையும் இங்கே ஒரே கேள்வியால் அளக்கலாம்: போட்ட பில்லுக்கும் வந்த பணத்துக்கும் நடுவே நிற்கும் தொகையை எது ஒழுங்காகக் கணக்கில் வைக்கிறது?

ஓர் அரசுத் துறைக்கு 5,00,000 ரூபாய் வேலைக்கு ரன்னிங் பில் போடுவதாக வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 5,90,000. கான்ட்ராக்டர் தனிநபர் என்றால் வருமான வரி டிடிஎஸ் 1 சதவீதம், அதாவது 5,000. ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டியிருந்தால் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம், 10,000. கட்டுமானத் தொழிலாளர் நல செஸ் 1 சதவீதம், 5,000. ஒப்பந்தப்படி நிறுத்திவைப்பு 5 சதவீதம் என்றால் 25,000. வங்கிக்கு வருவது 5,45,000. பிடித்த 45,000 ரூபாயில் உண்மையான செலவு செஸ் மட்டுமே. வருமான வரி டிடிஎஸ் ஆண்டு வரியில் கழியும். ஜிஎஸ்டி டிடிஎஸ், போர்ட்டலில் ஏற்றுக்கொண்டதும் மின்னணு ரொக்கப் பேரேட்டில் சேர்ந்து, அடுத்து வரி கட்ட உதவும். நிறுத்திவைப்பு, உரிய காலம் முடிந்ததும் கேட்டு வாங்கவேண்டிய பாக்கி. நான்கையும் தள்ளுபடி என்று எழுதிப் பில்லை முடித்தால் 40,000 ரூபாய் சொத்து கணக்கிலிருந்தே மறைந்துவிடும். எழுதாமல் விட்டால், ஏற்கெனவே வரியாகப் பிடித்த பணமும் வராத பாக்கியாக நிற்கும்.

இந்தச் சோதனையில் டேலி பிரைம் முந்துகிறது. ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனி லெட்ஜர் திறந்து, ஒரே ஜர்னலில் அந்தப் பில்லுக்கு எதிராகவே பதியலாம். நிறுத்திவைப்பைப் பில்வாரியாகத் தவணை நாளோடு வைத்தால், பாக்கிப் பட்டியலில் அது தன் பெயரிலேயே தெரியும். ஒவ்வொரு சைட்டையும் காஸ்ட் சென்டராக்கினால், கம்பி, சிமென்ட், எம்-சாண்ட், வாரக் கூலி எல்லாம் அந்தந்த வேலையின்மீது ஏறி, எந்த வேலை லாபம் தந்தது என்பது தெரிந்துவிடும். குறையும் உண்டு: டெபிட், கிரெடிட் தெரியாதவருக்கு அந்தத் திரை எதையும் சொல்லித் தராது, கணினி அலுவலகத்திலும் முதலாளி சைட்டிலும் இருந்தால் பதிவு பின்தங்கும்.

ஜோஹோ புக்ஸ் இங்கேதான் கைகொடுக்கிறது. இணையத்தில் இயங்குவதால் சைட்டிலிருந்தே செலவு ரசீதைப் படமெடுத்து ஏற்றலாம், ஆடிட்டர் தன் இடத்திலிருந்தே பார்க்கலாம். செலவுகளை புராஜெக்ட்வாரியாகப் பிரிக்கலாம். பணம் வந்ததைப் பதியும்போது டிடிஎஸ் பிடித்ததைக் குறிக்கவும் இடமுண்டு. ஆனால் மற்ற பிடித்தங்களுக்கு ஜர்னல் போட்டாக வேண்டும். கணக்கறிவின் தேவை இதிலும் தீரவில்லை. வியாபார் செயலியைக் கற்பதுதான் மூன்றிலும் எளிது. இணையம் இல்லாத இடத்திலும் பில் போடும். ஆனால் அதன் அமைப்பு சரக்கு வாங்கி விற்கும் கடையை மனதில் வைத்தது. செலவு வகைக்குச் சைட்டின் பெயரையே வைத்துச் சமாளிக்கலாம்தான். அப்போது கூலி எவ்வளவு, டீசல் எவ்வளவு என்ற பிரிவு போய்விடும்.

இதையெல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். பிடித்தத்தை அவர் சரிசெய்துவிடுவார். ஆனால் அவரிடம் பில்கள் போய்ச் சேர்வது மாதம் முடிந்த பிறகு. மேஸ்திரிக்குச் சனிக்கிழமை கொடுத்த முன்பணம் எந்தச் சைட்டுக்கு என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. நஷ்டத்தில் போகும் வேலையைப் பாதியில் கண்டுபிடித்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விலை பேச முடியும். எக்செல் போதாதா என்பது இதைவிட வலுவான கேள்வி. ஒரே சமயத்தில் ஒரு சைட் மட்டும் நடத்துபவருக்குப் போதும். வேலைகள் கூடும்போது, ஒரு செல்லில் மாற்றிய எண் இன்னொரு செல்லோடு ஒத்துப்போகிறதா என்று எக்செல் தானாகக் கேட்காது. இரட்டைப் பதிவு மென்பொருள் இருபுறமும் சமமாகாத பதிவை ஏற்காது. டேலி கடினம் என்ற வாதத்துக்கும் பதில் உண்டு. தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில்கூட டேலி படித்தவர்கள் கிடைக்கிறார்கள்; வாரத்தில் இரண்டு மாலை வந்து பதிந்து கொடுக்க ஒருவர் போதும். மென்பொருளின் விலையோடு அந்தச் சம்பளத்தையும் சேர்த்துத்தான் செலவை ஒப்பிட வேண்டும்.

ஆகவே, அரசு வேலையோ கம்பெனி வேலையோ எடுத்து, பல சைட்டுகள் நடத்துபவருக்கு டேலி பிரைம். சைட்டிலேயே நாள் கழிய, ஆடிட்டர் வேறு ஊரில் இருப்பவருக்கு ஜோஹோ புக்ஸ். வீடுகளில் சிறு வேலைகளை முடித்து அன்றே பணம் வாங்குபவருக்கு வியாபார். எதை வாங்குவதானாலும், பணம் கட்டுமுன் பழைய ரன்னிங் பில் ஒன்றை அதன் பிடித்தங்கள் அத்தனையோடும் சோதனைப் பதிப்பில் பதிந்து பார்க்க வேண்டும். டேலியின் கல்விப் பதிப்பு மாதத்தில் சில தேதிகளை மட்டுமே ஏற்கும். இந்தச் சோதனைக்கு அது போதும். வங்கிக்கு வந்த தொகை ரூபாய் பிசகாமல் ஒத்துப்போய், நிறுத்திவைப்பும் பாக்கிப் பட்டியலில் தெரிந்தால் அந்த மென்பொருளை வாங்கலாம்.