தாச்சியின் கறுப்பை ரசிப்பது எப்படி?

கல்முனைச் சந்தையில் புது இரும்புத் தாச்சி வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுவருவது பாதிப் பாத்திரத்தைத்தான். மிச்சப் பாதி அடுப்பில்தான் உண்டாகும். அலுமினியச் சட்டியும் ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியும் வாங்கிய அன்றைக்கு இருந்த அழகோடு மறுபடி ஒருநாளும் இருப்பதில்லை. இரும்பு நேர்மாறு. கடையில் இருக்கும்போது அது சாம்பல் நிறத்தில், பார்க்கவே மனம் வராத கோலத்தில் இருக்கும். ஐந்தாறு வருடம் ஒழுங்காகப் புழங்கினால் வண்டின் முதுகுபோல் கறுத்து மினுங்கும்.

வீரமுனை, சம்மாந்துறை, காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை என்று இந்தப் பக்கத்துக் குசினிகளில் இரும்பு இன்னும் பல உருவில் இருக்கிறது. அரிசி மா வறுக்கும் பெரிய தாச்சி, அப்பச்சட்டி, ரொட்டிக் கல், தோசைக்கல். சில வீடுகளில் அது கறள் பிடித்துக் கோடிப்பக்கம் கிடக்கும். கிடக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: அதில் எதைப் பார்க்கவேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. பார்க்கப் பழகியவருக்குப் பராமரிப்பு தனிப் பாடமாக இராது.

கையால் தூக்கி, காதால் கேட்டு

இரும்புச் சட்டி என்று விற்பவற்றில் மூன்று இனம் உண்டு. தகட்டை அழுத்தி வளைத்தது; கொல்லர் பட்டறையில் அடித்து எடுத்தது; உருக்கி மணல் அச்சில் ஊற்றிய வார்ப்பிரும்பு.

அடித்த தாச்சியில் சுத்தியல் தடங்களைத் தேடுங்கள். அவை நெருக்கமாகவும் ஒரே அளவாகவும் விழுந்திருந்தால் கை தேர்ந்தவர் செய்தது. வார்ப்பில் தேடவேண்டியது மணலின் தடம். உள்பக்கம் விரலை ஓட்டினால் நுண்ணிய சொரசொரப்புத் தெரியும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி மணல் அச்சில் இரும்புப் பானை வார்க்கக் காப்புரிமை பெற்றது 1707 இல். அடிப்படை முறை இன்றும் அதுதான்: மணல் நுண்மையாக இருந்தால் சட்டி வழவழப்பாக வரும். அமெரிக்காவில் 1865 இல் தொடங்கிய கிறிஸ்வோல்ட் நிறுவனத்தின் பழைய சட்டிகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி அலைவதற்கு அவற்றின் வழவழப்பும் ஒரு காரணம்.

அடுத்து, ஒரு கையால் தொங்கவிட்டு விரல் மொழியால் தட்டிப் பாருங்கள். தகடு நீளமாக ரீங்கரிக்கும். வார்ப்பு சுருக்கமாக ஒலித்து அடங்கும். வார்ப்பிரும்பில் காபன் 2 வீதத்துக்கு மேல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி இரும்புக்குள் சின்னச் சின்னக் காரீயச் செதில்களாகப் பிரிந்து நின்று அதிர்வை விழுங்கிவிடும். அதே செதில்கள்தான் வார்ப்பின் பலவீனமும்: கீழே விழுந்தால் தகடு நெளியும், வார்ப்பு உடையும். தட்டும்போது ஒலி கரகரத்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. அதை வாங்க வேண்டாம்.

பாரத்தைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 26 சென்ரிமீற்றர் அகலமான வார்ப்புச் சட்டி 2 கிலோவைத் தாண்டும். அந்தப் பாரம் என்ன வேலை செய்கிறது என்பதை அடுப்பில் வைத்ததும் காண்பீர்கள்.

கறுப்பிலும் இரண்டு

தாச்சியின் வெளிப்புறக் கறுப்பு வேறு, உட்புறக் கறுப்பு வேறு. வெளியே இருப்பது விறகுக் கரி. விரல் வைத்தால் ஒட்டும், தேய்த்தால் போகும். உள்ளே இருப்பது எண்ணெய். சூட்டிலும் காற்றின் ஒட்சிசனிலும் எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திரவமாக இருந்தது கெட்டிப்பட்டு, இரும்பின் மேல் தோலாகப் படிகிறது. அது விரலில் ஒட்டாது. எண்ணெய் பூசாத நேரத்திலும் வெளிச்சத்தைத் திருப்பித் தரும். பகலில் யன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல தோலில் மினுக்கம் சீராக ஓடும். திட்டுத் திட்டாகத் தடித்துப் பிசுபிசுத்தால் எண்ணெய் கூடிவிட்டது. சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தால் தோல் போய்விட்டது. செம்மஞ்சள் தெரிந்தால் கறள்.

இந்தத் தோலை உண்டாக்குவதற்குத் தேங்காய்ச் சீமையான நம் பகுதியில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. அது எளிதில் பிணைந்து கெட்டியாகாது. தோல் மெல்லியதாகவும் மென்மையாகவும் நிற்கும். நல்லெண்ணெயில் நிலைமை வேறு. அதன் கொழுப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறைவுறாதது, ஆகவே நன்றாகப் பிணையும். எனவே தோல் கட்ட நல்லெண்ணெய். எடுத்து வைக்கும்போது மேலே பூசத் தேங்காயெண்ணெய். அது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்காது.

புதுச் சட்டியைச் சுடுதண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவிக் கடைக்காரர் பூசிய எண்ணெயைப் போக்குங்கள். அடுப்பில் வைத்து ஈரத்தை முழுவதும் உலர்த்துங்கள். சூடு இருக்கும்போதே ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான நல்லெண்ணெயைத் துணியால் உள்ளும் புறமும் பூசுங்கள். பிறகு வேறொரு துணியால், பூசியதே தவறு என்பதுபோல் துடைத்தெடுங்கள். மிஞ்சுகிற மெல்லிய படலம் போதும். புகை எழுந்து அடங்கும்வரை சூடாக்கி, அடுப்பிலேயே ஆறவிடுங்கள். இப்படி மூன்று நான்கு முறை. முதல் முறை பழுப்பு, இரண்டாவதில் கபிலம், அதன் பிறகு கறுப்பு. நிறம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது இந்தக் கலையின் முதல் இன்பம்.

சூட்டைக் கண்டுகொள்ளல்

இரும்பு வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியத்தின் வேகத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. ஆனால் ஒரே தடிப்புள்ள இரண்டு சட்டிகளில் இரும்புதான் அதிக வெப்பத்தைச் சேர்த்து வைக்கும். வார்ப்புச் சட்டி தடிப்பாகவும் இருப்பதால் வித்தியாசம் இன்னும் கூடும். ஆறிப்போன தேங்காய்ப்பூ ரொட்டி மாவை மெல்லிய அலுமினியத்தில் போட்டால் சட்டியின் சூடு சட்டென்று இறங்கும்; ரொட்டி வேகுமுன் காயும். இரும்புக் கல் அசையாது. ரொட்டியின் அடியில் பொன்னிறப் புள்ளிகள் சீராக விழும். பாரம் செய்கிற வேலை இது.

கேஸ் அடுப்பில் நெருப்பு வட்டமாக எரிவதால் இரும்பில் அந்த வட்டம் மட்டும் முதலில் சூடேறும். சின்னத் தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு தண்ணீரைத் தெளியுங்கள். கல்லில் பரவிச் சுர்ரென்று கொதித்துப் போனால் சூடு இன்னும் போதாது. துளிகள் உருண்டு முத்துப்போல் ஓடினால் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸைத் தொட்டுவிட்டது. தன் ஆவியின் மேலேயே துளி மிதப்பதால் வரும் இந்த ஓட்டத்தை ஜேர்மனியின் லைடன்ஃபுரொஸ்ற் 1756 இல் எழுதிவைத்தார். தோசைக்கல்லுக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அது தினசரிக் காட்சி. முத்து ஓடினால் தீயைக் கொஞ்சம் குறைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.

சூட்டின் நிதானத்தைச் சோதிக்கச் சிறந்த வேலை அரிசி மா வறுப்பது. இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் மா வறுக்கும்போது பெரிய தாச்சியில் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருந்தால் தீ கூடிவிட்டது. மா மணல்போல் உதிர்ந்து, மணம் ஏறி, நிறம் மாறாமல் நின்றால் தாச்சியும் கையும் ஒத்துப்போகின்றன. எண்ணெய் இல்லாத இந்த வறுவல் இரும்புக்கும் நல்லது. மூலைமுடுக்கில் ஒளிந்த ஈரம் போய்விடும்.

எது இரும்புக்கு, எது மண்ணுக்கு

புளியாணமும் தக்காளிக் குழம்பும் மண்சட்டிக்கே உரியவை. புளி, தேசிக்காய், கொறுக்காய் எல்லாவற்றிலும் அமிலம் இருக்கிறது. அது எண்ணெய்த் தோலை அரித்து, கறிக்கு இரும்புச் சுவை ஏற்றும். கத்தரிக்காய், வாழைக்காய், வாழைப்பூ போன்றவை இரும்பில் கறுக்கும்; அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. உடம்புக்குக் கேடில்லை, கண்ணுக்குத்தான்.

இரும்புக்குப் பிடித்தவை: மீன் பொரியல், ரொட்டி, தோசை, முட்டை, கறித்தூளுக்கு மல்லி சீரகம் வறுப்பது. மீனைப் போட்டதும் கிளறவேண்டாம். முதலில் ஒட்டும். அடியில் பொருக்குக் கட்டியதும் தானாகவே விடும். அந்த விடுதலையை அகப்பையின் நுனியில் உணர்வது பொறுமைக்குக் கிடைக்கும் பரிசு.

இரும்பில் சமைத்த உணவில் இரும்புச் சத்துக் கூடுமா? கூடும், புளிப்பான உணவில் அதிகமாக. எத்தியோப்பியாவில் செய்த ஆய்வொன்று 1999 இல் லான்செட் இதழில் வெளிவந்தது. அலுமினியப் பானையில் சமைத்து உண்ட பிள்ளைகளைவிட இரும்புப் பானையில் சமைத்து உண்ட பிள்ளைகளின் ஈமோகுளோபின் அதிகம் ஏறியது. ஆனால் தலசீமியா போல உடம்பில் இரும்பு மிகும் நோயுள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கழுவும் கை

சவுக்காரமே படக்கூடாது என்பது பழைய எச்சரிக்கை. கடுங்காரம் மிஞ்சிய அந்நாள் சவுக்காரம் தோலைத் தின்றது உண்மை. இன்றைய பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி கெடுதி செய்யாது. நாம் தீங்கில்லை என்று நினைக்கும் சாம்பல்தான் கவனத்துக்குரியது. அதில் காரமும் இருக்கிறது, சொரசொரப்பும் இருக்கிறது. தாச்சியின் வெளிப்புறக் கரிக்குச் சாம்பலும் பொச்சும் ஏற்றவை. உட்புறத்துக்கு மென்மையான பொச்சும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். ஏதாவது ஒட்டிக்கொண்டால் கல்லுப்பும் சொட்டு எண்ணெயும் போட்டுத் தேயுங்கள். சூடான வார்ப்பில் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டினால் வெடிக்கக்கூடும். ஊறவைப்பது கறளுக்கு அழைப்பு.

கழுவியதும் துடைத்து, அடுப்பில் ஒரு நிமிடம் வைத்து, சூட்டோடு துளி எண்ணெய் தடவித் துடையுங்கள். கடல் காற்றில் உப்பு. மார்கழி, தை மாதங்களில் ஓயாத மழை. கல்முனைக் கரையில் இரும்பு கறள் பிடிக்கும் வேகம் உள்நாட்டு மலைப்பக்கத்தில் இராது. மாரியில் மூடி போட்டு வைக்கவேண்டாம். உள்ளே ஒரு பழைய கடதாசியை வைத்தால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

கறள் பிடித்தாலும் பதறவேண்டாம். புளிக்கரைசலிலோ, வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்ததிலோ அரை மணி நேரம் வைத்துத் தேயுங்கள். அதற்கு மேல் விட்டால் அமிலம் நல்ல இரும்பையும் தின்னும். கழுவி, உலர்த்தி, முதல்நாள் செய்ததுபோல் மறுபடி எண்ணெய்த் தோல் கட்டுங்கள். வெடிப்பில்லாத எந்தச் சட்டியையும் இப்படி மீட்கலாம்.

தெருவில் இரண்டு பள்ளிக்கூடம்

மாலையானால் கொத்து ரொட்டிக் கடையில் கல்லைப் பாருங்கள், சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகாமல். அது வார்ப்பல்ல, தடித்த தகடு. இரண்டு தகட்டுக் கத்திகள் விழுந்து விழுந்து நடுப்பகுதி வெள்ளிபோல் தேய்ந்திருக்கும். தோல் அங்கே தங்கவே முடியாது. ஓரங்கள் மட்டும் கறுத்திருக்கும். ஆனாலும் ரொட்டி ஒட்டுவதில்லை. ஓயாத சூடும் ஓயாத எண்ணெயும் அந்தத் தோலின் வேலையைச் செய்கின்றன. ஒரு கொத்துக்கும் அடுத்த கொத்துக்கும் இடையில் கொத்துகிறவர் கல்லைச் சுரண்டி எண்ணெய் தடவும் விதம்தான் பார்க்கவேண்டியது.

இரண்டாவது, கோயில் திருவிழாவில் கச்சான் வறுக்கும் தாச்சி. சூடான மணலோடு கச்சானைப் புரட்டும்போது மணல் ஒவ்வொரு கொட்டையையும் சுற்றிச் சூட்டைப் பரப்புகிறது. அதே மணல் இரும்புக்கு உள்ளிருந்து மெருகும் போடுகிறது. எண்ணெய்த் தோலே இல்லாத அந்த வழவழப்பு, இரும்பை ரசிப்பதற்கு ஒரே வழிதான் உண்டு என்று நினைப்பவருக்குப் பதில்.

உறவினர் வீட்டிலோ பழைய சாமான் கடையிலோ நல்ல கறுப்புச் சட்டி ஒன்றைக் கண்டால் வைத்திருப்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த எண்ணெய்? எதற்குப் புழங்கினீர்கள்? கழுவியது யார்? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதற்குத்தான் ஒரு ஆளின் பேர் வரும்: உம்மா, ராத்தா, அம்மம்மா என்று. சமைத்தவருக்குப் பாராட்டு அன்றைய சாப்பாட்டோடு கிடைத்துவிட்டது. சட்டியின் மினுக்கத்துக்கான பாராட்டு, சாப்பாடு முடிந்த பிறகு அதைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் தடவி வைத்த அந்த ஆளுக்குச் சேரவேண்டியது. அதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.