விம்பிள்டன் வரிசை: 500 இருக்கைகளின் நியாயம்

விம்பிள்டனில் டென்னிஸ் பார்க்க ஒரு ரசிகருக்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. 1924 முதல் நடந்துவரும் குலுக்கலில் பெயரைக் கொடுத்துவிட்டு அதிர்ஷ்டத்துக்குக் காத்திருக்கலாம். பெரும் பணம் இருந்தால் டிபெஞ்சர் எனப்படும் ஐந்தாண்டுக் கடன்பத்திரம் வாங்கலாம். அல்லது அதை வைத்திருப்பவரிடம் ஒரு நாள் டிக்கெட்டை அவர் சொல்லும் விலைக்கு வாங்கலாம். இரண்டும் வாய்க்காதவர் பக்கத்திலிருக்கும் விம்பிள்டன் பூங்காவுக்குப் போய் வரிசையில் நிற்கலாம். இந்த மூன்றாவது வழியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார் அதை ஆங்கிலேயப் பண்பாட்டின் அழகு என்று கொண்டாடுகிறார்கள். மறு சாரார் கணினிக் காலத்தில் மனிதர்களைப் புல்தரையில் படுக்கவைக்கும் பழமைவாதம் என்று தள்ளுகிறார்கள். இரண்டுமே முக்கியமான கேள்வியைத் தொடவில்லை. இருக்கைகள் குறைவு, ஆசைப்படுவோர் ஏராளம் என்னும்போது யாருக்கு இருக்கை தருவது நியாயம் என்பதே அந்தக் கேள்வி. வரிசை அதற்குத் தரும் பதில் கொள்கையளவில் சரியானது. ஆனால் அந்தக் கொள்கையை விம்பிள்டன் மிகச் சிறிய அளவிலேயே நடைமுறைப்படுத்துகிறது. வரிசையை விமர்சிப்பவர்கள் விரல் வைக்க வேண்டிய இடம் அதுதான்.

முதலில் நடைமுறை. சென்டர் கோர்ட், நம்பர் 1 கோர்ட், நம்பர் 2 கோர்ட் ஆகிய ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 இருக்கைகள் வரிசையில் வருபவர்களுக்கென ஒதுக்கப்படுகின்றன. சென்டர் கோர்ட்டுக்கு மட்டும் கடைசி நான்கு நாட்கள் இது கிடையாது. இவை தவிர, சிறிய ஆடுகளங்களைச் சுற்றிவந்து பார்க்க உதவும் கிரவுண்ட் பாஸ்கள் ஆயிரக்கணக்கில் விற்கப்படுகின்றன. பெரிய அரங்கில் இடம் வேண்டுமென்றால் முந்தைய நாளே வந்து பூங்காவில் இரவைக் கழிக்க வேண்டியிருக்கும். கியூ என்பதன் முதல் ஆங்கில எழுத்தைத் தாங்கிய கொடிதான் வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று காட்டும். வந்து சேர்ந்தவருக்குத் தேதியும் எண்ணும் கொண்ட ஓர் அட்டை. அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. கூடாரம் இருவர் படுக்கும் அளவைத் தாண்டக் கூடாது. நண்பருக்காக இடம் பிடித்துவைக்கக் கூடாது. சாப்பிடவோ கழிப்பறைக்கோ போனால் அரை மணிக்குள் திரும்பிவிட வேண்டும். விடிந்ததும் விடியாததுமாகப் பணியாளர்கள் வந்து எழுப்ப, கூடாரத்தைச் சுருட்டி, மூட்டையைப் பாதுகாப்பு அறையில் கொடுத்துவிட்டு நெருங்கி நிற்க வேண்டும். காலையில் கைப்பட்டை கட்டும்போது, எண்ணில் முந்தியவர்தான் எந்த அரங்கம் என்று தேர்ந்தெடுப்பார். பல்லாயிரம் பேர் கூடும் இடத்தில் இது பெரும்பாலும் தள்ளுமுள்ளு இல்லாமல் நடக்கிறது. விதி எல்லோருக்கும் தெரியும், எண் எல்லோருடைய கையிலும் இருக்கிறது, முந்தி நுழைய வழியில்லை. கூட்டத்தை அடக்கிவைப்பது இந்த வெளிப்படைத்தன்மைதான். இதை இனக்குணம் என்று சொல்வதில் பொருளில்லை.

வரிசையின் முதல் வலிமை, அது இருக்கையின் விலையை உயர விடுவதில்லை என்பது. நியூயார்க்கில் அமெரிக்க ஓப்பன் நடக்கும் ஆர்தர் ஆஷ் அரங்கில் 23,771 பேர் உட்காரலாம். உலகின் மிகப் பெரிய டென்னிஸ் அரங்கம் அது. இருந்தும் நல்ல ஆட்டம் என்று தெரிந்தவுடன் மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. பணம் உள்ளவருக்கு எந்த நேரமும் இடம் உண்டு, இல்லாதவருக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் இல்லை. விம்பிள்டன் வரிசையில் நிற்பவர் டிக்கெட்டில் அச்சிட்ட விலையைத்தான் கொடுக்கிறார். 2024இல் முதல் வாரக் கிரவுண்ட் பாஸ் 30 பவுண்டு. இதோடு, வாங்கியவரே வந்து உட்கார்வதால் இடைத்தரகருக்கு வேலையில்லை. பிளாக்கில் விற்க நினைப்பவர் தானே ஓர் இரவு புல்லில் படுத்து, தனக்கென ஒரே ஒரு டிக்கெட் வாங்கி, பிறகு வாசலுக்கு உள்ளே நின்று விற்க வேண்டும். யாரும் அந்த வியாபாரத்தில் இறங்க மாட்டார்கள். கணினி விற்பனையில் கள்ளச்சந்தையைத் தடுக்க எத்தனையோ மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தும் முடியாத காரியம், இங்கே ஓர் அட்டையால் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது வலிமை அந்த டிக்கெட் வாங்கித் தரும் நாளின் நீளத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் பெரிய அரங்கில் பகல் ஆட்டங்களுக்கும் இரவு ஆட்டங்களுக்கும் தனித்தனி டிக்கெட். பிரெஞ்சு ஓப்பன் நடக்கும் பாரிஸும் 2021இல் இரவு ஆட்டத்தைத் தனியாக விற்கத் தொடங்கிவிட்டது. விம்பிள்டனில் நாள் முழுவதற்கும் ஒரே டிக்கெட். வெளி ஆடுகளங்களில் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் வெளிச்சம் மங்கும்வரை நீள்கின்றன. ஜூலை முதல் வாரத்தில் லண்டனில் சூரியன் மறைய 9 மணி தாண்டிவிடும். கூரை உள்ள அரங்குகளில் இரவு 11 வரை ஆடலாம். கிரவுண்ட் பாஸ் வைத்திருப்பவர் எந்த ஆட்டத்தை எந்த நேரத்தில் விட்டு எதற்குப் போவது என்று தானே தன் நாளை அமைத்துக்கொள்கிறார். தொலைக்காட்சியில் கிடைக்காத டென்னிஸ் அங்கேதான் இருக்கிறது. ஆடுகளத்தின் ஓரத்தில், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது சர்வீஸுக்கு முன் வீரர் விடும் மூச்சு கேட்கும். ஸ்லைஸ் அடித்த பந்து புல்லில் எழும்பாமல் எவ்வளவு தாழ்ந்து வழுக்கிப் போகிறது என்பதும் அந்தத் தூரத்தில்தான் புரியும். திரையில் மேலிருந்து காட்டும் கேமரா அந்தத் தாழ்வைத் தட்டையாக்கிவிடுகிறது. 2010 ஜூன் 22 முதல் 24 வரை மூன்று நாட்களாக, 11 மணி 5 நிமிடம் நீண்ட ஜான் இஸ்னர் - நிக்கோலா மாஹு ஆட்டம், ஐந்தாவது செட் 70-68 என்று முடிந்த அந்த ஆட்டம், நடந்தது சில நூறு பேரே உட்காரக்கூடிய 18ஆம் நம்பர் கோர்ட்டில்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வரிசை எப்படிப்பட்ட பார்வையாளரை இருக்கையில் கொண்டுவந்து உட்காரவைக்கிறது என்பது. இதற்கு விம்பிள்டன் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1991இல் முதல் வாரம் மழையில் கரைந்துபோக, வழக்கமாக ஓய்வு நாளான நடு ஞாயிறன்று முதன்முறையாக ஆட வேண்டி வந்தது. முன்கூட்டி விற்ற டிக்கெட் எதுவும் அந்த நாளுக்கு இல்லை. வரிசையில் வந்தவர்களுக்கே, இருக்கை எண் குறிக்காமல், சென்டர் கோர்ட் திறந்துவிடப்பட்டது. அன்று எழுந்த ஆரவாரத்தை டென்னிஸ் எழுத்தாளர்கள் இன்றும் பேசுகிறார்கள். மக்கள் ஞாயிறு என்ற பெயரும் நிலைத்துவிட்டது. பத்தாண்டு கழித்து, 2001இல், ஆடவர் இறுதி ஆட்டமே மழையால் திங்கள்கிழமைக்குத் தள்ளிப்போனது. ஏறக்குறைய 10,000 டிக்கெட்டுகள் அன்று வாசலில் விற்கப்பட்டன. தரவரிசையில் 125ஆம் இடத்திலிருந்து சிறப்பு அனுமதியில் வந்த கோரான் இவானிசெவிச், பாட்ரிக் ராஃப்டரை ஐந்தாவது செட்டில் 9-7 என்று வென்றபோது, குரோஷியக் கொடிகளும் ஆஸ்திரேலியக் கொடிகளும் அரங்கை நிறைத்திருந்தன. ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதி ஆட்டத்தில் அவ்வளவு உயிரோட்டமான கூட்டம் அரிது. அந்த ஆரவாரம் வரிசையால் வந்ததல்ல, எப்போதாவது வாய்க்கும் அபூர்வத்தால் வந்தது என்று மறுப்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் அபூர்வம் மட்டுமே காரணம் என்றால் எல்லா இறுதி ஆட்டங்களுக்கும் அந்தக் கொதிப்பு இருந்திருக்க வேண்டும். இறுதி ஆட்டத்தைவிட அபூர்வமான நாள் எது? மாறியது ஒன்றே ஒன்றுதான்: யார் உள்ளே வந்தார்கள் என்பது. 2022 முதல் நடு ஞாயிறு வழக்கமான ஆட்ட நாளாகிவிட்டது. அட்டவணைக்கு அது நல்லது. ஆனால் மக்கள் ஞாயிறு இனி தற்செயலாகக்கூட வராது என்பதால், அது நிரப்பிய இடத்தை வேறு வழியில் நிரப்ப வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு இருக்கிறது.

இனி குறைகள். வரிசை பணத்துக்குப் பதில் நேரத்தைக் கேட்கிறது. நேரமும் எல்லோரிடமும் சமமாக இல்லை. கல்லூரி விடுமுறையில் இருக்கும் இருபது வயதுக்காரருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் பெரிய செலவில்லை. விம்பிள்டனுக்கு அடுத்தாற்போல் உள்ள தூட்டிங்கில் இலங்கைத் தமிழர்கள் நிறைய வாழ்கிறார்கள். அங்கே ஒரு கடையில் ஷிப்டு முறையில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் இருந்தால், பஸ் தூரத்தில் நடக்கும் போட்டி எட்டாத தூரம்தான். முதியவர்கள், முதுகுவலிக்காரர்கள், தொலைவிலிருந்து வருபவர்கள் என்று இந்தப் பட்டியல் நீளும். வரிசை சொதப்பும் நாட்களும் உண்டு: 2023இல் முதல் நாளே கெடுபிடியான பாதுகாப்புச் சோதனையால் வரிசை ஊர்ந்து, புதிதாக யாரும் வந்து சேர வேண்டாம் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. மழை பெய்தால் கிரவுண்ட் பாஸ்காரர்தான் முதலில் நனைகிறார். கூரை உள்ள அரங்குகள் இரண்டுதான், அவற்றுக்குள் அவருக்கு இடமில்லை. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், பணத்தின் ஏற்றத்தாழ்வும் நேரத்தின் ஏற்றத்தாழ்வும் ஒரே அளவானவை என்று நான் ஏற்கவில்லை. ஒருவரிடம் இன்னொருவரைவிட ஆயிரம் மடங்கு பணம் இருக்கலாம். ஆயிரம் மடங்கு நேரம் யாரிடமும் இல்லை. நேரமில்லாதவருக்கும் ஒரு சிறு வழி ஏற்கெனவே இருக்கிறது. மாலை 5 மணிக்கு மேல் கிரவுண்ட் பாஸ் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்தக் கோடை வெளிச்சத்தில் அதற்குப் பிறகும் மூன்று நான்கு மணி நேர ஆட்டம் மிச்சமிருக்கும்.

எல்லாவற்றையும் குலுக்கலுக்கே மாற்றிவிடலாமே, உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோருக்கும் சம வாய்ப்பு கிடைக்குமே என்பது வலுவான மறுப்பு. குலுக்கல் நேர்மையானதுதான், ஆனால் அதற்குக் கண் இல்லை. உயிரைவிட்டு டென்னிஸ் பார்ப்பவரும், போனால் போகட்டும் என்று ஒரு பொத்தானை அமுக்கியவரும் அதன் முன் ஒன்று. எந்த நாள், எந்த அரங்கம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் விண்ணப்பிப்பவருக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, பல மாதம் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஜூலையில் லண்டன் போகும் சென்னைக்காரர் ஒருவர், ராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் அரையிறுதி ஆடிய மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை நினைத்தால், பெரும் பணம் கொடுக்காமல் அன்றே உள்ளே போக வரிசை ஒன்றுதான் வழி. குலுக்கலும் வரிசையும் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுபவை. ஒன்றை ஒழித்து மற்றதை வைத்துக்கொண்டால் மிஞ்சுவதும் நொண்டும்.

உண்மையான குறை கணக்கில் இருக்கிறது. சென்டர் கோர்ட்டின் இருக்கைகள் ஏறக்குறைய 15,000. வரிசைக்கு 500 என்றால் நூற்றில் மூன்றைச் சற்றே தாண்டுகிறது. டிபெஞ்சர் இருக்கைகளோ சுமார் 2,500. 2026 முதல் 2030 வரைக்கான பத்திரம் ஒன்றின் விலை 1,16,000 பவுண்டு. விளம்பரப் படங்களில் கூடாரமும் வரிசையும்தான் வருகின்றன. இருக்கைப் பங்கீட்டில் பத்திரக்காரருக்கு ஐந்து மடங்கு இடம். டிபெஞ்சர் பணம்தான் 1922இல் திறந்த சென்டர் கோர்ட்டுக்கும் பிற்காலக் கூரைகளுக்கும் உதவியது, போட்டியின் உபரியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் டென்னிஸ் வளர்ச்சிக்குப் போகிறது என்ற வாதத்தை நான் தள்ளவில்லை. அந்தப் பணம் இல்லாமல் வரிசையின் விலையும் குறைவாக இருக்க முடியாது. ஆனால் சென்டர் கோர்ட் ஆட்டம் தொடங்கும் மதிய வேளையில், உணவு மேசைகளிலிருந்து இன்னும் எழுந்துவராதவர்களின் நல்ல இருக்கைகள் காலியாகக் கிடப்பதைக் கேமராக்கள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அரங்கத்துக்கு வெளியே, மைதானத்துப் புல்மேட்டில் ஆயிரக்கணக்கானோர் பெரிய திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே இருக்கை காலியாக இருப்பதைப் பணத்தின் தேவையைச் சொல்லி நியாயப்படுத்த முடியாது. அந்தப் பணம் முன்பே வந்துவிட்டது.

இதற்கான மருந்தையும் விம்பிள்டனே கண்டுபிடித்து வைத்திருக்கிறது. 1954 முதல், பெரிய அரங்குகளிலிருந்து சீக்கிரம் கிளம்புகிறவர்கள் விட்டுச்செல்லும் டிக்கெட்டுகள் மைதானத்துக்குள்ளேயே மிகக் குறைந்த விலைக்கு மறுபடி விற்கப்பட்டு, வரும் பணம் அறப்பணிகளுக்குப் போகிறது. காலையில் கிரவுண்ட் பாஸோடு நுழைந்தவர் மாலையில் சென்டர் கோர்ட்டில் உட்கார இதனால் முடிகிறது. ஒரே இருக்கை இருவருக்குப் பயன்படும் இந்த ஏற்பாட்டைத் தாமதமாக வருபவர்களின் இருக்கைக்கும் விரிவாக்கலாம். ஆட்டம் தொடங்கி முதல் செட் முடியும்வரை ஆள் வராவிட்டால், அவர் வரும்வரை வேறொருவர் உட்காரட்டும். இதில் யாருடைய உரிமையும் பறிபோகாது, நிர்வாகச் சிரமம் மட்டுமே கூடும். நள்ளிரவில் சில ஆயிரம் பேரை எண் வரிசைப்படி நிறுத்தத் தெரிந்த நிர்வாகத்துக்கு அது பெரிதாக இருக்காது.

பெரிய வாய்ப்பு இனிமேல்தான் வர இருக்கிறது. பக்கத்துக் கோல்ஃப் மைதானத்தில் 38 புல்தரை ஆடுகளங்களும் 8,000 பேர் உட்காரும் அரங்கம் ஒன்றும் கட்டும் திட்டத்துக்கு லண்டன் பெருநகர நிர்வாகம் 2024இல் அனுமதி தந்தது. பூங்கா நிலத்தைக் காக்க வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். அந்தத் தகராறு எப்படி முடிந்தாலும், அரங்கம் எழுந்தால் அதன் இருக்கைகளை யாருக்கு ஒதுக்குவது என்பதை அனுமதியோடு சேர்த்தே பேசியிருக்க வேண்டும். பொதுமக்களின் பசுமைப் பரப்புக்கு அருகே கட்டும் அரங்கில் கால்பங்காவது, அதாவது 2,000 இருக்கைகள், அன்றன்று வரிசையில் வருபவர்களுக்கு என்று எழுத்தில் வர வேண்டும். அதில் ஒரு பகுதி மாலை 5 மணிக்கு மேல் வேலை முடிந்து வருபவர்களுக்கென்று தனியாக நிறுத்திவைக்கப்பட வேண்டும்.