விரல் இடுக்கில் ஒரு கண்: செர்ஹியோ புஸ்கெட்ஸ் பற்றி ஒரு திருத்தம்

2019 மே 7 இரவு, ஆன்ஃபீல்டில் லிவர்பூல் பார்சிலோனாவை 4-0 என்று அடித்துத் துவைத்த கையோடு, தூக்கக் கலக்கத்தில் இதே வலைப்பதிவில் ஒரு குறிப்பு எழுதினேன். தலைப்பு, 'புஸ்கெட்ஸ் முடிந்துவிட்டார்'. கால் ஓடவில்லை, இடுப்பு திரும்பவில்லை, வீட்டுக்கு அனுப்புங்கள் என்கிற ரீதியில் போகும். அதற்கப்புறம் அந்த ஆள் ஆறு வருடத்துக்கு மேல் ஆடினார். 2025 டிசம்பரில் இன்டர் மயாமியோடு எம்.எல்.எஸ். கோப்பையை வென்றுவிட்டுத்தான் பூட்ஸைக் கழற்றினார்.

அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் வந்த புகழுரைகள் நிறைய படித்தேன். என் பழைய குறிப்பைப் படித்தபோது வந்த அதே கூச்சம் இவற்றைப் படிக்கும்போதும் வந்தது. நான் திட்டினேன், இவர்கள் கும்பிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அவர் என்ன செய்தார் என்பதை நானும் சொல்லவில்லை, இவர்களும் சொல்லவில்லை.

எல்லாப் புகழுரையிலும் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். ஸ்பெயின் பயிற்சியாளர் விசென்தே டெல் போஸ்கே சொன்னது என்பார்கள்: ஆட்டத்தைப் பார்த்தால் புஸ்கெட்ஸ் தெரியமாட்டார், புஸ்கெட்ஸைப் பார்த்தால் மொத்த ஆட்டமும் தெரியும். நல்ல வாக்கியம்தான். ஆனா ஒரு கட்டத்துக்கு மேல் அது ஒரு கேடயம் ஆகிவிட்டது. ஜெயித்தால் 'கண்ணுக்குத் தெரியாமல்' அவர் ஜெயிக்க வைத்தார். தோற்றாலும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார், பழி வேறு யாருக்கோ போகும். தெரியாத ஒருவரைப் பாராட்டுவது சுலபம், விமர்சிப்பதுதான் கஷ்டம். என்னை மாதிரி ஆட்கள் அந்தக் கஷ்டத்தைத் தாண்டுவதற்காகத்தான் வயது, வேகம் என்று கண்ணுக்குத் தெரிகிற எதையாவது பிடித்துக்கொண்டோம்.

சரி, அவரையே பார்ப்போம் என்று முடிவு செய்தேன். 2011 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி, வெம்ப்ளி, மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 3-1. முழு ஆட்டத்தையும் வர்ணனைச் சத்தம் இல்லாமல், மெஸ்ஸியைப் பார்க்கக் கூடாது என்ற வைராக்கியத்தோடு பார்த்தேன் (கடைப்பிடிக்க முடியவில்லை, ஒப்புக்கொள்கிறேன்). பொதுவாக இப்படி ஒரே வீரரைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா பந்தின் பின்னாலேயே போகும், நம்ம ஆள் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார். புஸ்கெட்ஸ் விஷயத்தில் அந்தப் பிரச்சினை குறைவு. பந்து எங்கே இருந்தாலும் அதற்குப் பத்துப் பதினைந்து மீட்டர் பக்கத்தில் எங்கேயோ நிற்கிறார். கண்ணுக்குத் தெரியாதவர் என்பதே முதலில் தப்பு. எப்போதும் தெரிகிறார், நாம்தான் பார்ப்பதில்லை.

தெரிவது என்ன? முதலில் கழுத்து. பந்து வருவதற்கு முன்னால் இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒன்று. பந்து வந்து சேரும்போது முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. அதனால்தான் ஒரே தொடுதலில் அனுப்ப முடிகிறது. எட்டு மீட்டர் தள்ளி நிற்கும் சாவிக்கு ஒரு பாஸ் (தமிழில் அவர் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது!). அந்த பாஸ் எந்த ஹைலைட்ஸிலும் வராது. ஆனால் பந்தைப் பறிக்க ஓடிவந்த எதிரணி வீரர் ஒருவர் ஓடியதெல்லாம் வீணாகிறது. அவர் விட்டுவந்த இடம் காலியாகிறது. அந்தக் காலி இடத்தில்தான் மெஸ்ஸி திரும்பிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, நெருக்கும்போது செய்யும் ஏமாற்று. பாஸ் கொடுக்கப் போவதுபோல் காலை ஓங்குவார். எதிராளி காலை நீட்டுவார். புஸ்கெட்ஸ் பூட்ஸின் அடிப்பக்கத்தால் பந்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவார். வேகமே கிடையாது. உள்ளபடி பார்த்தால், மெதுவாகச் செய்வதால்தான் அது பலிக்கிறது. எதிராளி நம்புவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் இல்லையா?

மூன்றாவது, பந்து போனபின். சாதாரண டிஃபென்ஸிவ் மிட்ஃபீல்டர் பந்து பறிபோனதும் பின்னால் ஓடுவார். இவர் முன்னால் ஓடுகிறார். பந்தைப் பறித்தவர் தலை நிமிர்வதற்குள் அவர் முதுகில் ஒட்டிக்கொள்கிறார். கிடைத்தால் பந்து, கிடைக்காவிட்டால் ஒரு சின்ன ஃபவுல். இந்த மூன்றாவதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஆன்ஃபீல்டுக்குப் போகும்போது தேவைப்படும்.

அவர் அப்பா கார்லெஸ் புஸ்கெட்ஸும் பார்சிலோனா வீரர்தான். யோஹான் க்ரைஃப் காலத்து கோல்கீப்பர். கையைவிடக் காலால் ஆடுவதில் ஆர்வம் அதிகம், முழுநீள பேன்ட் போட்டுக்கொண்டு ஆடுவார். 1991 கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில், ரோட்டர்டாமில், முதன்மை கோல்கீப்பர் சுபிசரெட்டா தடையில் இருந்ததால் இவர் இறங்கினார். மான்செஸ்டர் யுனைடெட் 2-1 என்று ஜெயித்தது. அதே யுனைடெட்டை மகன் 2009, 2011 என்று இரண்டு ஐரோப்பிய இறுதிகளில் தோற்கடித்தார். சினிமாவாக இருந்தால் இதை வைத்தே இடைவேளை விட்டிருப்பார்கள்.

மகன் 1988இல் சபாடெலில் பிறந்து, பக்கத்து ஊரான பாடியாவில் வளர்ந்தவர். பார்சிலோனா இளையோர் அணிக்கு வந்தது 2005இல், அதாவது பதினேழு வயதில். லா மாசியா என்றதும் எல்லோரும் பத்து வயதுப் பிள்ளைகளைத்தான் நினைப்பார்கள். இவர் அந்த வகை இல்லை. 2007-08இல் பெப் குவார்டியோலா பார்சிலோனா பி அணியோடு நான்காம் நிலை லீகில் இருந்தார், புஸ்கெட்ஸும் அங்கேதான். மறு வருடம் குவார்டியோலா முதல் அணிக்கு வந்தபோது இவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். முதல் லீக் ஆட்டத்தில் நுமான்சியாவிடம் 1-0 தோல்வி. இரண்டாவது, 2008 செப்டம்பர் 13, ராசிங் சன்டான்டருடன் 1-1. இந்த இரண்டாவதில்தான் புஸ்கெட்ஸின் லீக் அறிமுகம். பயிற்சியாளரின் வேலையே ஆட்டம் கண்ட வாரத்தில், நான்காம் நிலை லீகிலிருந்து வந்த ஒல்லிப் பையனை நடுவில் நிறுத்தியிருக்கிறார்.

அதிர்ஷ்டமும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2009 ரோம் இறுதியில் பின்கள வீரர்கள் சிலர் காயத்திலும் தடையிலும் இருந்ததால் யாயா டூரே சென்டர் பேக்காக இறங்கினார். அதனால் நடுக்களத்தில் ஒரு இடம் காலி. ஆனால் 2010இல் டூரே மான்செஸ்டர் சிட்டிக்குக் கிளம்பியபோது யாரும் பதறவில்லை. அது அதிர்ஷ்டம் இல்லை.

இப்போது அந்த விரல் விஷயம். இதைச் சொல்லாமல் எழுதினால் நானும் புகழுரைக் கோஷ்டியில் சேர்ந்துவிடுவேன். 2010 ஏப்ரல் 28, கேம்ப் நோ, இன்டர் மிலானுக்கு எதிரான அரையிறுதி இரண்டாம் ஆட்டம். தியாகோ மோட்டாவின் கை முகத்தில் பட்டதும் புஸ்கெட்ஸ் சரிந்து விழுகிறார். இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு உருளுகிறார். மோட்டாவுக்குச் சிவப்பு அட்டை. ஆட்டம் தொடங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்கு நடுவே விரல்களை லேசாக விலக்கி, நடுவர் என்ன செய்கிறார் என்று ஒரு எட்டு பார்க்கிறார். கேமரா அதைப் பிடித்துவிட்டது.

அது ஏமாற்று. இன்னொரு வார்த்தை கிடையாது. 'எல்லோரும் செய்வதுதானே' என்பவர்களுக்கு: எல்லோரும் செய்வதால்தான் அது ஏமாற்று, விபத்து இல்லை. பத்துப் பேரோடு மிச்ச ஆட்டத்தைத் தாங்கிய இன்டர் 1-0 என்று தோற்றும், மொத்தத்தில் 3-2 என்று இறுதிக்குப் போனது. எனக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு, பார்சிலோனா ரசிகனாக இருந்தும்.

ஆனால் அந்தக் காட்சியைப் பல தடவை பார்த்தபின் எனக்கு வேறொன்றும் தோன்றியது. பந்து வரும்முன் தோளுக்கு மேல் பார்க்கும் அதே பார்வைதான் இது. சூழ்நிலையைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் ஒரு நொடிகூட இருக்க முடியாது, கீழே விழுந்து நடித்துக்கொண்டிருக்கும்போதும். நாம் ரசிக்கும் குணமும் நமக்கு அசிங்கமாகப் படும் குணமும் ஒரே கழுத்தில்தான் இருக்கின்றன. ஒன்றைக் கழித்துவிட்டு இன்னொன்றை மட்டும் எடுத்துவைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை. முதல் ஆட்டத்தில் சுவிட்சர்லாந்திடம் ஸ்பெயின் 0-1. சாபி அலோன்சோ இருக்கும்போது இவர் எதற்கு, தடுக்கும் ஆள் இரண்டு பேர் வேண்டுமா என்று ஊரே கேட்டது. டெல் போஸ்கே மாற்றவில்லை. தான் இப்போது வீரராக இருந்தால் புஸ்கெட்ஸ் மாதிரி ஆடவே ஆசைப்படுவேன் என்றுகூடச் சொன்னார். ஜூலை 11இல் நெதர்லாந்தோடு இறுதி, 116ஆம் நிமிடத்தில் இனியெஸ்டா கோல். இரண்டு வருடம் கழித்து யூரோ. அந்த வருடங்களில் சாவி தொடர்ந்து மூன்று முறை பாலன் டோரில் மூன்றாவது இடம் வந்தார். 2010இல் இனியெஸ்டா இரண்டாவது. புஸ்கெட்ஸ் பெயர் அந்த மேடைப்பக்கமே வரவில்லை. விருதுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

ஆன்ஃபீல்டுக்கு வருவோம். முதல் ஆட்டம் 3-0 பார்சிலோனாவுக்கு. லிவர்பூலில் சலாவும் இல்லை, ஃபிர்மினோவும் இல்லை. நான் 2019இல் எழுதியது: பந்து பறிபோகும்போதெல்லாம் புஸ்கெட்ஸ் தாண்டப்படுகிறார், ஆகவே கிழவர். இப்போது மறுபடி பார்த்தால், அவர் 2011இல் செய்த அதே மூன்றாவது வேலையைத்தான் செய்கிறார். முன்னால் ஓடுகிறார். வித்தியாசம், பக்கத்தில் ஓட யாரும் இல்லை. முன்களத்தில் மெஸ்ஸியும் சுவாரெஸும் நிற்கிறார்கள், அவர்களைப் பந்தைத் துரத்தச் சொல்லும் நிலையில் யாரும் இல்லை. பின்கள வீரர்கள் பயத்தில் பின்வாங்குகிறார்கள். நடுவில் ஒரு பெரிய மைதானமே திறந்துகிடக்கிறது, அதில் ஒரு முப்பது வயதுக்காரர். 2018இல் ரோமாவிடம் 3-0, 2020இல் லிஸ்பனில் பயர்னிடம் 2-8, எல்லாவற்றிலும் இதே படம்தான்.

அதற்காக அவர்மேல் பழியே இல்லை என்று சொல்லவரவில்லை. துணை இல்லை என்று தெரிந்தபின்னும் முன்னால் பாய்ந்தது அவர் முடிவு. பார்த்தபிறகே முடிவெடுப்பவர் என்று பேர் வாங்கியவர், இதைப் பார்த்தும் மாறவில்லை. ஒருவேளை மாறத் தெரியவில்லை. அந்த ஆட்டத்துக்கு வெளியே அவருக்கு இன்னொரு ஆட்டம் தெரியாது என்பதுதான் என் முதன்மையான குறை, கால் வேகம் இல்லை.

எனக்கு மனம் மாறியது 2022-23இல். பயிற்சியாளராக வந்திருந்த சாவி, நடுக்களத்தில் நான்கு பேரை நிறுத்த ஆரம்பித்தார். புஸ்கெட்ஸ் பக்கத்திலேயே ஃபிரெங்கி டி யோங், கொஞ்சம் முன்னே பெட்ரி, இடது விங்கர் என்ற பேரில் உள்ளே வந்துவிடும் காவி. 38 லீக் ஆட்டங்களில் பார்சிலோனா வாங்கிய கோல்கள் வெறும் 20, லீகும் கைக்கு வந்தது. கேப்டனுக்கு வயது 34, ஆன்ஃபீல்டில் இருந்ததைவிட நான்கு வருடம் கிழவர். கால் இன்னும் மெதுவாகியிருக்கும், ஆனால் அவர் காக்க வேண்டிய நிலம் சுருங்கியிருந்தது. (சாம்பியன்ஸ் லீகில் அதே அணி குழுச்சுற்றோடு வெளியேறியது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஸ்பெயினுக்காக அவர் கடைசியாகப் பந்தை உதைத்தது 2022 டிசம்பரில், மொராக்கோவுக்கு எதிரான பெனால்டியில். சராபியா கம்பத்தில் அடித்தார், சோலெரின் பந்து தடுக்கப்பட்டது, மூன்றாவதாகப் போனவர் புஸ்கெட்ஸ். போனோ அதையும் தடுத்தார். 143 ஆட்டங்கள் ஆடியவருக்கு அதுதான் விடைபெறும் காட்சி. அன்றைக்கு அவர் நன்றாகவே தெரிந்தார்.

பார்சிலோனாவுக்கு 722 ஆட்டங்கள், 18 கோல். மெஸ்ஸியும் சாவியும் மட்டும்தான் அங்கே அவரைவிட அதிகம் ஆடியவர்கள்.

2019 குறிப்பை நான் அழிக்கப் போவதில்லை. அதன் தலையில் இந்தக் கட்டுரைக்கு ஒரு சுட்டி மட்டும் போட்டிருக்கிறேன். 'இடுப்பு திரும்பவில்லை' என்ற வரியையும் அப்படியே விட்டுவிட்டேன், அது உண்மைதான். அவருக்கு எப்போதுமே இடுப்பு திரும்பியதில்லை, கழுத்துதான் திரும்பும்.