தந்தை மேல் வழக்கு

அபிராமபுரத்திலிருந்து கபாலீசுவரர் கோயிலுக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். சுற்றி வந்து, கடைசியில் சண்டிகேசுவரர் முன் மெல்லக் கைதட்டிவிட்டுக் கிளம்புகிறோம். கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை என்று காட்டுவதற்காம். கோயில் சொத்துக்குக் காவலரான அந்தச் சண்டிகேசுவரர் தம் தந்தையின் காலை வெட்டியவர்.

தந்தைக்கு எதிராக எழுந்த மகன் ஒருவர் கிரேக்கத்திலும் உண்டு. கி.மு. 399இல் ஏதென்ஸில் தெய்வ நிந்தனைக் குற்றம் சுமத்தப்பட்ட சாக்ரடீசு, வழக்குப் பதியும் மண்டபத்தில் யூதிஃப்ரோவைச் சந்திப்பதாகப் பிளேட்டோ எழுதுகிறார். யூதிஃப்ரோ வந்திருப்பது சொந்தத் தந்தைமேல் கொலை வழக்குப் போட. நாக்சோஸ் தீவில் ஒரு கூலியாள் குடிவெறியில் அடிமை ஒருவனைக் கொன்றான். தந்தை அவனைக் கட்டிப் பள்ளத்தில் போட்டுவைக்க, பசியிலும் குளிரிலும் அவன் செத்தான். தந்தை என்றும் பாராமல் வழக்காடுவதே தெய்வபக்தி, ஸீயஸே தன் தந்தைக்கு விலங்கிட்டாரே என்கிறார் மகன். தெய்வங்கள் விரும்புவதால் ஒரு செயல் புனிதமாகிறதா, புனிதமாக இருப்பதால் விரும்புகின்றனவா என்று சாக்ரடீசு மடக்குகிறார். விடை கிடைக்காமலே உரையாடல் முடிகிறது. பின்வந்த கிரேக்கச் சிந்தனையாளர்களும் பக்தி எது என்று கேட்டார்கள். தியோஃப்ராஸ்டஸ் உயிர்ப்பலியை மறுத்தார். ஸ்டோயிக்குகள் தெய்வப் பணியைப் பற்றிய அறிவையே பக்தி என்றார்கள். தெய்வங்களைப் பற்றித் தப்பெண்ணம் கொள்ளாதிருந்தால் போதும் என்றார் எபிக்யூரஸ்.

நம் பக்கம், பெரியபுராணம் பாடிய சேக்கிழாரிடம் வருவோம். சேய்ஞலூர்ச் சிறுவன் விசாரசருமர் மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து பாலூற்றுகிறார். தந்தை எச்சதத்தன் மறைந்திருந்து பார்த்து, மகனை அடித்து, பால் குடத்தையும் காலால் இடறுகிறான். அருகில் கிடந்த கோலை மகன் எடுக்க, அது மழுவாகித் தந்தையின் காலை வெட்டுகிறது. சிவன் தோன்றி, இனி நானே உனக்குத் தந்தை என்று கொன்றை மாலை சூட்டிச் சண்டேசர், அதாவது சண்டிகேசுவரர் பதவி தருகிறார். வெட்டுப்பட்ட தந்தையும் சிவலோகம் போனதாகச் சேக்கிழார் சேர்த்துச் சொல்கிறார்; அவருக்கும் உள்ளூர ஒரு சங்கடம் இருந்திருக்க வேண்டும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தின் வாங்கல் விற்றல் சண்டேசர் பெயரில் நடப்பதைப் பார்க்கலாம். சிவன் சொத்துக்குக் கணக்குக் கேட்பவர் இவர்தான்.

மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றான திருக்களிற்றுப்படியார், தந்தையை வெட்டுவதும் பக்தியாகுமா என்ற சிக்கலை நேராகவே எடுத்துக்கொள்கிறது. சிவதொண்டை அது மெல்வினை, வல்வினை என்று பிரிக்கிறது. சரியை, கிரியை, யோகம் மெல்வினை, யாரும் பழகலாம். சண்டேசரும், பிள்ளைக்கறி சமைத்த சிறுத்தொண்டரும் செய்தவை வல்வினை. யூதிஃப்ரோ ஸீயஸைக் காட்டித் தன் வழக்கை நியாயப்படுத்தியதுபோல, சண்டேசரைக் காட்டி இன்று எவரும் மழுவெடுக்க முடியாது. இந்தக் கூர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. 

மயிலாப்பூர்க்காரரான வாயிலார் நாயனாரோ மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி, விளக்கேற்றி, பூசித்தார். பங்குனி அறுபத்துமூவர் உலாவில் அவரும் சண்டேசரும் ஒரே ஊர்வலத்தில்தான் வருகிறார்கள். ஆனால் வாயிலாரைப் பற்றிச் சாக்ரடீசுக்கும் கேள்வி இருக்காது. சண்டேசரைப் பற்றி இருக்கும்: சிவன் தோன்றுவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் சேய்ஞலூர்க்காரர் ஒருவர் அங்கே நின்றிருந்தால், அது வல்வினை என்று எதைக் கொண்டு அறிந்திருப்பார்? திருக்களிற்றுப்படியாரின் பாகுபாடு அந்த மனிதருக்கு உதவாது.