நிழலும் பெயரும்

சுவிற்சலாந்து உளவியலறிஞர் யுங், மனிதன் தன்னுடையவென ஏற்க மறுக்கும் இயல்புகளை ‘நிழல்’ என்னும் தொல்படிமமாகக் கண்டார். 1968இல் வெளிவந்த ஊர்சுலா லெகுவினின் ‘எர்த்சீயின் மந்திரவாதி’ என்னும் புனைவு, அக்கொள்கைக்கு எழுதப்பட்ட உரைபோலத் தோன்றும். கெட் என்னும் இளைஞன் செருக்கினால் எழுப்பிய நிழல் அவனையே துரத்துகின்றது. ஈற்றில் அவன் அதனைத் தேடிச்சென்று தன் பெயராலேயே அழைக்க, இரண்டும் ஒன்றாகின்றன. எனினும், அந்நூலை எழுதுங்காலை ஆசிரியர் யுங்கைக் கற்றிருக்கவில்லை. ஆகவே, நூலைக் கொள்கையின் விளக்கமெனல் பொருந்தாது. வேண்டுமாயின் அதற்குச் சான்றெனலாம். அன்றியும், நிழல் எல்லார்க்கும் பொது. மெய்ப்பெயரறிதலே மந்திரம் என்னும் கருத்தால் அந்நிழலைத் தன்னதென உணரச் செய்தமையே இந்நூலுக்குரிய சிறப்பு. பொதுமையைக் காட்டி இச்சிறப்பை மறைக்கும் திறனாய்வு, நூலை விட்டு நிழலைப் பற்றியதாகும்.