வட்டுலகக் கதைகளுக்குப் புகுவாயில் யாது?

நெடிய கதைத்தொகுதி ஒன்றைப் பயிலத் தொடங்குவார்க்கு முதற்கண் எழும் வினா, எந்நூலினின்று தொடங்குதல் வேண்டும் என்பதாம். ஆங்கிலப் புனைகதையாசிரியர் டெர்ரி பிராட்செட் (1948-2015) இயற்றிய 'டிஸ்க்வேர்ல்டு' என்னும் வட்டுலக நாவல்கள் 41 ஆகும். முதல் நூல் 1983-லும், இறுதி நூல் ஆசிரியர் மறைந்தபின் 2015-லும் வெளிவந்தன. முன் வந்த நூலே முதல் வாயில் எனக் கொள்ளுதல் இயல்பு. அக்கொள்கை இத்தொகுதிக்குப் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நால்வகைப்படுத்தும். இப்பகுப்பு உரைநடைக் கதைக்கு வகுக்கப்பட்டதன்று. எனினும் அளவுகோலாகக் கொள்ளின் தெளிவு பிறக்கும். தொடர்நிலையை முதலினின்றே பயிலல் வேண்டும்; தொகைநிலையுள் யாண்டும் புகலாம். வட்டுலகக் கதைகள் இவ்விரண்டற்கும் இடைப்பட்டன. பெரும்பாலன தம்முள் தாமே முற்றுப்பெறுவன. ஆயினும் உலகம் ஒன்றே. மாந்தரும் நூல்தோறும் மூப்பெய்துவர், நிலை உயர்வர். மந்திரவாதி ரின்ஸ்விண்டு, சூனியக்காரியர், கூற்றுவன், நகர்க்காவலர் எனக் கிளைகள் பல. ஒவ்வொன்றும் தனக்கெனத் தொடக்கம் உடையது.

முதல் நூலாகிய 'தி கலர் ஆஃப் மேஜிக்' நான்கு பகுதிகளால் ஆயது. ஃபிரிட்ஸ் லைபர், லவ்கிராஃப்ட், ஆன் மெக்காஃப்ரி ஆகியோர்தம் கதைமரபுகளை எள்ளி நகையாடுவது அது. அவற்றை அறியாதார்க்கு அந்நகையிற் பெரும்பகுதி புலனாகாது. கதையும் முடிவெய்தாமல், தலைவன் உலகின் விளிம்பினின்று வீழும் நிலையில் நின்றுவிட, எஞ்சியது 1986-இல் வந்த இரண்டாம் நூலில் தொடர்கின்றது. பாத்திரப் படைப்பும் அந்நாளில் உருப்பெறவில்லை. முதல் நூலில் கூற்றுவன் வன்மம் உடையவன். 1987-இல் வந்த 'மார்ட்' என்னும் நூலிலோ, தன் தொழிலைக் கற்க ஒரு மாணாக்கனை அமர்த்திவிட்டு, மாந்தர் இன்பம் யாதென அறிய விழைந்து அடுதொழில் புரிபவன். முதல் நூலோடு நீங்குவார் ஆசிரியரின் தொடக்கத்தைக் கண்டாரேயன்றி ஆசிரியரைக் கண்டாரல்லர்.

1989-இல் வெளிவந்த 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!' இக்குறைகள் இலாதது. வீரகதைகளில் காவலர் எனப்படுவோர் ஒருவர்பின் ஒருவராய் ஓடிவந்து தலைவன் கையில் மடிதற்கே படைக்கப்பட்டோர். அவ்வாறு மடிய அவர்க்கு விருப்பம் உண்டோ என எவரும் வினவியதில்லை என்பதை நினைந்து, நூலை அவர்க்கே காணிக்கையாக்குகின்றார் ஆசிரியர். குடிப்பழக்கத்தால் சீரழிந்த தலைவன் சாம் வைம்சும், நகரத்தார் மதியாத ஒரு சிலரே எஞ்சிய இராக்காவற்படையும், பறவைநாகம் ஒன்று ஆங்க்-மார்போர்க் நகரை ஆளவந்த நாளில் நிமிர்ந்து நிற்பதே கதை. இதனை உணர முன்னறிவு எதுவும் வேண்டா.

அடுத்த காவலர் நூலாகிய 'மென் அட் ஆர்ம்ஸ்' (1993) நுவலும் காலணிக் கணக்கு கருதத்தக்கது. செல்வன் 50 டாலருக்கு வாங்கும் காலணி ஆண்டுகள் பல உழைக்கும். வறியவன் வாங்கவல்ல 10 டாலர்க் காலணியோ விரைவில் ஒழுகும். பத்தாண்டில் வறியவன் மிகுதியாகச் செலவிட்டும் ஈரக்காலோடே நிற்பான். முன்னர்க் கதைமரபை நோக்கிய எள்ளல், ஈண்டு உலகியல் அநீதியை நோக்கித் திரும்பியமை காண்க. 'நைட் வாட்ச்' (2002) நூலில் வைம்ஸ் முப்பது ஆண்டு பின்னோக்கிச் சென்று தன் இளமையுருவுக்கே ஆசானாகின்றான். அவன் வீழ்ந்துகிடந்த நிலையை 1989-இன் நூலிற் கண்டார்க்கே அதன் முழு ஆற்றலும் விளங்கும்.

வெளிவந்த முறையிற் பயின்றாலன்றி ஆசிரியரின் வளர்ச்சி புலப்படாது என்பாரும் உளர். அவர் கூற்று மெய்யே. ஆயின் அஃது ஆராய்வார்க்கு உரிய முறை. வளர்ச்சியை அளக்க விழைவார்க்கு முதற்கண் வளர்ந்த பொருளின்பால் பற்று வேண்டும். ஆராயும் முறையைப் பயிலும் முறையாக வற்புறுத்தின், நூலுக்கு வரும் பயில்வோர் வாயிலிலேயே திரும்பிச் செல்வர்; அஃது ஆசிரியர்க்கும் இழப்பு, பயில்வோர்க்கும் இழப்பு. ஆகவே 1989-இன் நூலிற் புகுந்து, காவலர் கிளையைக் கண்டு, பின்னர் 1983-க்கு மீளுதலே தக்கது என்பது எம் துணிபு. அங்ஙனம் மீள்வார்க்கு முதல் நூலின் குறைகளும் ஒரு பெருங்கலைஞனின் இளமைச் சுவடுகளாய்த் தோன்றி இன்பம் பயக்கும்.