கொடுங்கை: சொல்லும் பொருளும்

திருக்கோயிற் சுவரின் தலைப்பில் வெளிப்போந்து, வளைந்து தாழ்ந்து நிற்கும் உறுப்பைத் தமிழ்ச் சிற்பியர் கொடுங்கை என்றும், வடமொழிச் சிற்பநூலார் கபோதம் என்றும் வழங்குவர். இதற்குப் பொருள் கூறப்புகுவாருட் சிலர், அன்பின் மிகுதியால், ‘கொடுக்குங் கை’ எனப் பிரித்து, அடியார்க்கு அருள்கொடுக்கும் இறைவன் திருக்கையே கல்லாய் நீண்டதென உரைப்பர். கேட்டற்கு இனிதாயினும் இவ்வுரை இலக்கணத்தோடு ஒவ்வாது. அது வினைத்தொகையாயின் ‘கொடுகை’ என இயல்பாய் நிற்குமேயன்றி, இடையே மெல்லெழுத்து மிகுதற்கு விதியின்று. கொடுமை என்னும் பண்புப்பெயர் ஈறுபோய், இனமெல்லெழுத்து மிக்குக் கொடுங்கை என நின்றது. கருமை கருங்குவளை என நின்றாற்போல.

ஈண்டுக் கொடுமையாவது வன்கண்மையன்று, வளைவேயாம். செங்கோற்கு மறுதலை கொடுங்கோல்; செந்தமிழ்க்கு மறுதலை கொடுந்தமிழ். வில்லைக் கொடுமரம் என்றதும் அதுபற்றியே.

இனிக் ‘கை’ என்பது யாது? மடக்கிய கைபோலும் வடிவிற்று என்று கூறி அமைவாரும் உளர். கூரை வேய்வான் ஒருவனை வினாவின் இதற்கு எளிதில் விடை கிடைக்கும். முகட்டினின்று சுவர்மேற் சாய்ந்திறங்கும் மரம் கைமரம் எனப்படும். அக்கைமரம் சுவரைக் கடந்து வெளியே நீண்டு, மழைநீரும் வெயிலும் சுவரைத் தாக்காவண்ணம் தாழ்ந்து வளையுமிடத்துக் கொடுங்கை எனப் பெயர்பெற்றதென்று கொள்ளுதலே பொருத்தமுடைத்து. கோயில்கள் கல்லாலாதற்கு முன்னர் மரத்தாலும் செங்கல்லாலும் ஆயின என்பதற்கு மண்டகப்பட்டுக் கல்வெட்டே சான்று. செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி அக்கோயிலைக் குடைவித்ததாக மகேந்திரவர்மன் அதன்கண் வியந்து கூறுதலின், அவை வழக்கமான பொருள்களாயிருந்தமை பெறப்படும்.

இவ்வுண்மையைக் கண்ணாற் காணவேண்டுவோர் மாணிக்கவாசகப் பெருமானை ஆட்கொண்ட திருப்பெருந்துறைக்குச் செல்க. அங்குள்ள மண்டபத்துக் கொடுங்கையின் கீழ்நின்று அண்ணாந்து நோக்கின், கைமரங்களும், அவற்றின் குறுக்கே சட்டங்களும், அவற்றை இறுக்கிய ஆணிகளுங்கூடக் கல்லிலேயே செதுக்கப்பட்டிருத்தல் காணலாம். கல்லுக்கு ஆணி எதற்கு? தான் செய்யும் உறுப்பு மரத்தினின்று வந்ததென்பதைச் சிற்பி மறந்திலன். பிற்காலச் சிற்பியர் வேலைக்கு உடன்படிக்கை எழுதுங்கால், ஆவுடையார்கோயிற் கொடுங்கை போல்வன சில நீங்கலாகவே பிறவற்றைச் செய்து தருவதாக எழுதினர் என்று வழங்கும் செய்தி யாவரும் அறிந்ததே.

கொடுங்கை என்பது கபோதம் என்பதன் மொழிபெயர்ப்பு என்றலும் பொருந்தாது. கபோதம் புறாவாகும். வடநூலார் அவ்வுறுப்பிற் புறாவைக் கண்டனர். தமிழர் வளைந்த மரத்தைக் கண்டனர். நெடுநல்வாடையில் வாடைக்கு ஒடுங்கிய மனைப்புறாக்கள் மதலைப்பள்ளியில் இருந்தமை கூறப்படுதலின், புறா தங்கும் இடம் அதுவென்பதைத் தமிழரும் அறிவர். அறிந்தும் பெயரை வேறு காரணத்தான் இட்டனர். அன்றியும், அதிட்டானத்தின் மேல் இவ்வுறுப்பு வருமாயின் அதனைக் கபோதபந்தம் என்பர் சிற்பநூலார். கூரையே இல்லாத அவ்விடத்துக் கொடுங்கை என்னும் பெயர்க்குப் பொருளில்லை. அமரகோசம் கபோதபாலிகைக்கு விடங்கம் என்றொரு பெயரும் கூறும். அதுகொண்டு திருவாரூர் வீதிவிடங்கப் பெருமான் திருப்பெயர்க்கும் இப்பொருளையே ஏற்ற முயலுதல் ஆகாது. அது டங்கமாகிய உளி படாதது என்னும் பொருட்டாய் வழிவழி உரைக்கப்படுவது.

குடமுழுக்கின்பொருட்டுத் திருப்பணி செய்வார் சிலர், கொடுங்கையின் கீழ்முகம் கரடுமுரடாயிருக்கின்றதென்று எண்ணிச் சிமிட்டி பூசி மெழுகி, மேலே வண்ணமும் தீட்டிவிடுகின்றனர். அங்ஙனம் மெழுகுமிடத்து மறைவது அழுக்கன்று. சிற்பி கல்லில் வைத்துப்போன கைமரமும் ஆணியுமே.